சேதி கேட்கும் உடம்பு

(ஈப்போவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாயின் நினைவாக இந்த அறக்கட்டளை நிற்கிறது. என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்தேன். விரும்பிய பொருளில் பேசலாம் என்று குழுவினர் சொன்னபோது, ஒரு தகரக் குவளையும் ஒரு பழைய தூரிகையும் என் கண்முன் வந்தன. ஹார்மோன் என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்கு முன்பே, அதன் வேலையை அம்மா தினம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. மரத்துக்குப் பூசிய மருந்து

நம் பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள் இங்கே கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சில கன்றுகளுக்குப் பின்னால்தான் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள்.

என் சிறு வயதில், 1970-களில், தோட்டத்தில் அவ்வப்போது ‘மருந்து பூசுற நாள்’ வரும். அம்மா வெட்டை ஒட்டிய பட்டையை இலேசாகச் சுரண்டி, குவளையில் இருக்கும் மருந்தைத் தூரிகையால் தடவுவார். அதற்கடுத்த வெட்டுகளில் பால் பிடிக்கும் மங்கு நிரம்பி வழியும். முற்பகலில் நின்றுவிட வேண்டிய பால் மத்தியானம் தாண்டியும் சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மருந்தின் பெயர் எத்திஃபோன். எத்திரல் என்ற வணிகப் பெயரில் வந்தது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1960-களின் இறுதியில் அதை மரங்களில் சோதித்து, தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது. பட்டைக்குள் இறங்கியதும் அது சிதைந்து எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். எத்திலீன் செடிகொடிகள் தாமே சுரக்கும் ஹார்மோன். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்துப் பழுக்க வைத்த நம் பாட்டிமார் அந்த வாயுவைத்தான் பானைக்குள் அடைத்து வைத்தார்கள். வாழைத்தாருக்குப் புகை போட்டவர்களும் புகையில் கலந்திருக்கும் எத்திலீனைத்தான் பயன்படுத்தினார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வடியும் குழாய்களின் வாய் சிறிது நேரத்தில் உறைந்து அடைபட்டுவிடும். மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. எத்திலீன் அந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. மரத்துக்கு அது உணவு தரவில்லை, உரம் தரவில்லை. ‘இன்னும் நிறுத்தாதே’ என்று ஒரு சேதி சொல்கிறது, மரம் கேட்கிறது. ஆனால் அந்தச் சேதியை அடிக்கடி சொல்லி, வெட்டையும் கூட்டினால், ஒரு நாள் பட்டை காய்ந்துவிடும். உளி போட்டாலும் பால் வராது. அப்போது செய்யக்கூடியது ஒன்றே: வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது.

மருந்து பூசிய நாள்களில் அம்மா, “மரத்த வெரட்டுறாங்க” என்பார். உயிரியல் வகுப்பில் நான் இத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்ததன் சாரம் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. ஹார்மோன் என்பது சேதி. சேதியைக் கேட்கும் உறுப்புக்கு ஒரு தாங்கும் அளவு உண்டு. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மனித உடம்புக்குள் வருவோம்.

2. சொல் பிறந்த கதை

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்டு என்ற அறிஞர் சேவல் குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை சிறுத்துப்போகும். அது கூவாது, சண்டைக்குப் போகாது. அவர் விதையை எடுத்து அதே சேவலின் வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் கொண்டை வளர்ந்தது, சேவல் கூவியது. நரம்பு வழியாக இல்லையென்றால் இரத்தத்தின் வழியாகத்தான் ஏதோ ஒன்று உடம்பெங்கும் போயிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார்.

அந்த ‘ஏதோ ஒன்று’ கையில் அகப்பட 1902 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், குடலுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, குடலுக்குள் அமிலத்தை விட்டார்கள். கணையம் உடனே செரிமான நீரைச் சுரந்தது. குடல், கணையத்துக்கு இரத்தத்தின் வழியே சேதி அனுப்பியிருக்கிறது! அந்தப் பொருளுக்குச் செக்ரிட்டின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1905-இல், ஸ்டார்லிங் தம் சொற்பொழிவு ஒன்றில் இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் ‘ஹார்மோன்’ என்று பெயர் சூட்டினார். தூண்டுவது, இயங்க வைப்பது என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து எடுத்த சொல். தமிழில் ‘இயக்குநீர்’ என்று நாம் சொல்வது அந்தப் பொருளை அப்படியே ஏந்தியிருக்கிறது.

வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. இயக்குநீரைச் சுரப்பவற்றுக்குக் குழாய் கிடையாது, அதனால் அவை நாளமில்லாச் சுரப்பிகள். நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. அளவோ மிகச் சிறிது. வெறும் வயிற்றில், ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள இன்சுலின், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரத்தம் எல்லா உறுப்புக்கும் போகிறது, ஆனால் அந்த இயக்குநீருக்குரிய ஏற்பி எந்த உயிரணுவில் இருக்கிறதோ அதுதான் சேதியைக் கேட்கும். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் காதிலும், எழுத்தரான கிராணியின் குரல் விழும். தன் பெயரைக் கேட்டவர்தான் முன்னே போவார்.

3. விடிவதற்கு முந்தைய உடம்பு

தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கும். விடியுமுன் பெரட்டு, வெளிச்சம் வந்ததும் வெட்டு. வெயில் ஏறாத வேளையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

மனித உடம்பும் அந்த வேளைக்குத் தன்னைத் தயார் செய்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் பின்னிரவிலிருந்தே கார்ட்டிசாலைக் கூட்டத் தொடங்கும். கண் விழித்த அரை மணி நேரத்தில் அது உச்சிக்குப் போகும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்து இரத்தத்தில் விடச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இருட்டியதும் மூளைக்குள் உள்ள பீனியல் சுரப்பி மெலட்டோனினைச் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்கு அறிவிக்கும். மரங்களின் நிரையில் நடக்கும்போது காலடியில் ஒரு பாம்பு நெளிந்தால், அதே அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியிலிருந்து அட்ரினலின் என்ற இயக்குநீர் பாயும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண்மணி விரியும், கால் தானாகப் பின்வாங்கும். பாம்பு போனதும் சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடும்.

அடங்குவதும் அந்தச் சேதியின் ஒரு பகுதி. தோட்டம் கைமாறி, நம்மவர்கள் பட்டணத்துக்கு வந்தபின் பலருக்குக் கிடைத்தது இரவுக் காவல் வேலை, இல்லாவிட்டால் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் ஷிஃப்டு வேலை. கார்ட்டிசால் இறங்க வேண்டிய நேரத்தில் விழித்திருக்கிறோம். மெலட்டோனின் சுரக்க வேண்டிய நேரத்தில் விளக்கொளியில் சாப்பிடுகிறோம். வாடகை, கடன், பிள்ளை படிப்பு என்ற கவலைகளோ பாம்பைப் போலச் சில நிமிடங்களில் விலகிப் போவதில்லை. இரவுப்பணி செய்வோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

4. ஆயாக் கொட்டகை

இங்குள்ள தாய்மார்களுக்குத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். இருட்டோடு குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நிரைக்கு ஓடுவார்கள். மரத்துப்பால் எடுத்து முடிக்கும் நேரத்தில் மாரில் பால் கட்டி வலிக்கும். எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டாலே சட்டை நனைந்துவிடும்.

இதில் இரண்டு இயக்குநீர்கள் வேலை செய்கின்றன. பாலை உண்டாக்குவது புரோலாக்டின். உண்டான பாலை இறக்குவது ஆக்சிடோசின். இரண்டும் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரியிலிருந்து வருகின்றன. குழந்தை வாய் வைக்கும்போது போகும் நரம்புச் சேதி ஆக்சிடோசினை வெளியேற்றும். பழகிய தாய்க்கு அழுகுரலே போதும். இதே ஆக்சிடோசின்தான் பேறுகாலத்தில் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. 1906-இல் ஹென்றி டேல் இந்தச் சுருக்கும் தன்மையைக் கண்டார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதன் கட்டமைப்பை அறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்து காட்டினார், 1955-இல் நோபல் பரிசும் பெற்றார். பிள்ளை பிறந்ததும் தாய்க்குப் போடும் ஊசியில் இருப்பது அதுதான். பேறுகால இரத்தப்போக்கிலிருந்து அது காப்பாற்றிய தாய்மார் உலகெங்கும் இருக்கிறார்கள்.

பயமும் அவசரமும் அட்ரினலினைக் கூட்டும், அட்ரினலின் பால் இறங்குவதைத் தடுக்கும். வேலை தாமதமானால் அரைநாள் கூலி போய்விடுமே என்ற பதற்றத்தோடு கொட்டகைக்கு ஓடிவந்த தாய்க்குப் பால் இறங்காமல் போனது அவள் குறையா? ‘பால் வத்திப்போச்சு’ என்று அவளைப் பார்த்துச் சொன்னவர்கள், அவளுக்குக் கால் மணி நேரம் அமைதி கொடுத்திருக்கலாம். இன்று வேலைக்குப் போகும் நம் மகள்களுக்கும் மருமகள்களுக்கும் அந்த அமைதியை நாம் கொடுக்க வேண்டும்.

5. கழுத்துக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி

கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு, உடம்பு எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்று சொல்லும் சுரப்பி. அதன் இயக்குநீரான தைராக்சினை 1914-இல் எட்வர்டு கெண்டல் பிரித்தெடுத்தார். உடம்பு தைராக்சினை உண்டாக்க அயோடின் வேண்டும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கழுத்துக் கழலை கண்டபோது, 1950-களில் இராமலிங்கசாமி என்ற இந்திய மருத்துவ அறிஞர் குழுவோடு அங்கே போய், உப்பில் அயோடின் கலந்து கொடுத்தாலே கழலை குறையும் என்று நிறுவினார்.

இந்தச் சுரப்பி மந்தமானால் உடம்பு கனக்கும், முடி கொட்டும், குளிர் தாங்காது, மனம் சோரும், மாதவிடாய் தாறுமாறாகும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம். ‘சோம்பேறி’ என்று மாமியாரும் கணவரும் ஏசிய எத்தனை பெண்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஓர் இரத்தச் சோதனையும் தினம் ஒரு சிறு மாத்திரையும்! பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தையின் மூளை வளர்ச்சி தடைப்படும். இதற்காக நம் நாட்டில், பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். சில வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலப் படித்து வளரும். நம் பொது மருத்துவத்தின் சத்தமில்லாத சாதனைகளில் இது ஒன்று.

6. இனிப்பு நீர்

இனி, இந்த மண்டபத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பமும் அறிந்த நோய்க்கு வருகிறேன். மலாய்க்காரர் ‘கென்சிங் மானிஸ்’ என்பதை நாம் ‘இனிப்பு நீர்’ என்கிறோம். 2023-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம்.

கணையத்தின் எடையில் 2 விழுக்காடு அளவே இருக்கும் சிறு சிறு தீவுகளை 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் கண்டார். அந்தத் தீவுகளில் உள்ள பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் விடச் சொல்லும் சேதி அது. பசித்திருக்கும்போது அதே தீவுகளிலிருந்து வரும் குளூகாகான், கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே விடச் சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் நாள் நகர்கிறது.

1922 ஜனவரியில் டொரான்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் லியனார்டு தாம்சனுக்கு உலகின் முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். பான்டிங், பெஸ்ட், காலிப், மெக்லாவுட் ஆகியோரின் உழைப்பு அது. அதற்கு முன், இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அறக்கட்டளை ஒன்றின் மேடையில் அந்தக் கொடையை நினைத்துப் பார்ப்பது பொருத்தம்.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் இல்லாமல் போவதில்லை. உயிரணுக்கள் அதன் சேதியைச் சரியாகக் கேட்பதில்லை. கேட்காத காதுக்குக் கணையம் உரக்கச் சொல்லத் தொடங்கும், அதாவது மேலும் மேலும் சுரக்கும். பல ஆண்டுகள் இப்படியே போகும், இரத்தச் சர்க்கரையும் ஏறாமல் இருக்கும். பிறகு பீட்டா உயிரணுக்கள் களைத்துவிடும். நோய் தெரியவரும் நாளில் அவற்றின் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வொன்று மதிப்பிட்டது. ஓயாமல் விரட்டிய மரத்தின் பட்டை காய்ந்த கதைதான் இது.

நம் மக்களுக்கு ஏன் இவ்வளவு? பரம்பரை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் என் அம்மா தினம் ஐந்நூறுக்கு மேற்பட்ட மரங்களுக்கு நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளியைச் சுமந்தார். உழைக்கும் தசைக்கு ஒரு சிறப்பு உண்டு: சுருங்கி விரியும்போது அது இன்சுலினின் சேதிக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தட்டுச் சோறும் இனிப்புத் தேநீரும் அந்த உடம்புக்குத் தாங்கும். தோட்டம் வீடமைப்புத் திட்டமாகவும் செம்பனையாகவும் மாறியபின், அதே தட்டும் அதே தேநீரும் நாற்காலியில் உட்கார்ந்த உடம்புக்குப் போனது. கெட்டிப்பால் ஊற்றிய ஈப்போ வெள்ளைக் கோப்பியும் மைலோவும் அதோடு சேர்ந்துகொண்டன. ஒரே தலைமுறையில் உழைப்பு போய்விட்டது, உணவு தங்கிவிட்டது.

இன்னொரு காரணம் கருவறையிலேயே தொடங்குகிறது. புனே நகரில் யாஜ்னிக் என்ற மருத்துவர், அங்குள்ள கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே பிறந்த எடை சுமார் 3.5 கிலோ, புனேவில் 2.7 கிலோ. ஆனால் மெலிந்த அந்தக் குழந்தைகளுக்குத் தசைதான் குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. அவருடைய இன்னோர் ஆய்வில், புனேக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் கூடுதலாக இருந்தது. அரைவயிறு உண்டு கர்ப்பகாலத்திலும் உழைத்த தாயின் வயிற்றில், பிள்ளையின் உடம்பு பஞ்சத்துக்குத் தயாராகிறது. பிறகு அதற்குக் கிடைப்பது மிகுதி. நம் பாட்டிமார் உண்ணாமல் விட்டதன் கணக்கு பேரப்பிள்ளைகளின் இரத்தத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் கர்ப்பிணிகளின் உணவையும், கர்ப்பகாலச் சர்க்கரைச் சோதனையையும் நான் வற்புறுத்துகிறேன்.

இதைத் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று நம் இனத்திலேயே உண்டு. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, நாளும் அரை மணி நேரம் விரைந்து நடந்தவர்களில் அது 39.3 விழுக்காடு. ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த உழைப்பையே தொடரச் சொன்னார்கள். நாம் விட்டுவந்த நடையின் ஒரு சிறு பங்கைத் திரும்ப எடுத்தாலே இவ்வளவு பயன்.

7. அம்மாவும் ஊசியும்

தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் ஈப்போவுக்கு வந்த சில ஆண்டுகளில் அம்மாவுக்கு இனிப்பு நீர் கண்டது. மாத்திரை போதாமல் போனபோது மருத்துவர் இன்சுலின் ஊசி போடச் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார். “ஊசின்னு வந்துட்டா கடைசி கட்டம்மா. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி போட்டப்புறம்தான் காலை எடுத்தாங்க” என்றார். அந்த அக்காவுக்குக் கால் போனது ஊசியைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளால். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். படம் வரைந்து காட்டினேன். கேட்கவில்லை.

ஒரு நாள் கேட்டேன்: “அம்மா, பட்டை காஞ்ச மரத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

“வெட்ட மாட்டோம். சும்மா விட்டுருவோம்.”

“ஒங்க வயித்துக்குள்ள அப்படி ஒரு மரம் காஞ்சுபோய் நிக்குது. வெளியிலேர்ந்து பால் கொண்டாந்து ஊத்துறோம். அதுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்.”

அன்று மாலை அவரே ஊசியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த பதினோரு ஆண்டுகள் ஒரு வேளையும் தவறவில்லை. மாலையில் குடியிருப்பைச் சுற்றி நடப்பதையும் விடவில்லை. கால்களோடு நடந்தே தம் கடைசி நாள்வரை வாழ்ந்தார்.

பெரியோர்களே, அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தொட்டால் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஊசி என்றால் ஊசிதான். அது தண்டனையன்று, உங்கள் கணையத்தின் சுமையை இறக்கிவைக்கும் துணை. கழுத்து வீங்கிய மகளையும், சோர்ந்து கிடக்கும் மருமகளையும் ஏசாமல் அழைத்துப் போங்கள். கர்ப்பிணிக்கு முதல் தட்டில் பரிமாறுங்கள். இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் தூங்கும்போது வீட்டில் வானொலியை அணைத்து வையுங்கள்.

நம் உடம்பு ஓயாமல் தனக்குள் பேசிக்கொள்கிறது. அந்தப் பேச்சு கேட்க வேண்டிய இடத்தில் கேட்க, அதற்கு வேண்டிய நடையும் உறக்கமும் அளவான சோறும் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. விரட்டப்பட்ட மரங்களுக்காக அன்று பேச ஆளில்லை. அவற்றை வெட்டிய கைகளுக்காகவும், அந்தக் கைகள் வளர்த்த பிள்ளைகளுக்காகவும் இன்று நான் பேசினேன்.